காய்ந்த எர்த்துக் குழியும் ஒரு சவுண்டு கார்டும்

ஹெட்போனை மாட்டியதும் காதுக்குள் அந்தப் பழைய 'ஞொய்'. கம்ப்யூட்டர் கேபினெட்டின் ஓரத்தை விரலால் தொட்டுப் பார்த்தேன். சுரீர் என்றது. சந்தேகமே இல்லை, மே மாதம் வந்துவிட்டது. நீ இருந்திருந்தால் "எர்த்துக்குத் தாகம் எடுத்தாச்சுலே" என்று சொல்லிவிட்டு, பக்கெட்டைத் தேடிப் பின்பக்கம் போயிருப்பாய்.

நீ இல்லாமல் வரும் முதல் மே இது. போன ஐப்பசி மழையில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போனாய், ஐந்தாம் நாள் இல்லாமல் போனாய். அதைப் பற்றி அதற்கு மேல் எழுத எனக்குத் தெரியவில்லை. நாம் ஆடும் கம்ப்யூட்டர் விளையாட்டில் எப்போதும் முதலில் சாகிறவன் நான்தான். அதில் ஒரு தடவைகூட நீ என்னை முந்தியதில்லை.

பத்தாவது பரீட்சை முடிந்த லீவை நினைத்துக்கொள்கிறேன். எதிரியின் காலடிச் சத்தம் கேட்டால்தான் பிழைக்க முடியும் என்கிற விளையாட்டு. எனக்கோ காலடிக்குப் பதில் ஞொய். எல்லாப் பழியையும் மதர்போர்டிலேயே இருக்கும் ஆடியோவின் தலையில் போட்டுவிட்டு, தனியாக ஒரு சவுண்டு கார்டு வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். "கார்டு இல்லாமலே நீ இவ்வளவு சவுண்டு விடுத. கார்டு வேற வந்தா ஊரு தாங்குமாடே?" என்றாய்.

அந்த நேரம் பார்த்துத்தான் மஸ்கட்டிலிருந்து என் தாய்மாமா லீவுக்கு வருவதாகச் சொன்னார். சொந்தக்காரர்கள் அதிகம், பெட்டி ஒன்று. அதனால் வீட்டுக்கு ஒரு சாமான் என்பது அவர் வைத்த சட்டம். போனில் அம்மா, "எனக்கு ஒண்ணும் வேண்டாம், பிள்ளைட்ட கேளு" என்று சொல்லிவிட்டாள். பிள்ளை கார்டு கேட்டான். வெள்ளிக்கிழமை மதியம் கடைக்குப் போகும்போது கூப்பிடுவேன், சரியான மாடல் பெயரைச் சொல்லு என்றார் மாமா.

நீ மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

"போர்டுலயே ஒண்ணு இருக்குல்லா, பின்ன எதுக்குடே?"

"அது ஓசிக்கு வந்தது மக்கா. ஓசிச் சத்தம் அப்படித்தான் இருக்கும்."

"அப்போ பாத்துருவோமா?"

மறுநாளே, கல்யாண வீடியோ எடிட் பண்ணும் அண்ணனிடம் ஒரு கார்டை இரவல் வாங்கி வந்து மாட்டினாய். துவர்த்துத் துண்டால் என் கண்ணைக் கட்டி, ஹெட்போனைக் காதில் வைத்து, ஒரே பாட்டை மாற்றி மாற்றிப் போட்டாய். "இது போர்டு." "இது கார்டு." நான் சாமியாடாத குறை. "ஆகா, கார்டுல அடி பாத்தியா? நெஞ்சுல வந்து இடிக்குலே! இரைச்சலும் பாதியாட்டுப் போச்சு!"

கட்டை அவிழ்த்துப் பார்த்தால், ஹெட்போன் வயர் போர்டிலேயே இருந்தது. நீ அதைப் பிடுங்கவே இல்லை. உன் தண்ணீர்க் குப்பியில் உப்பைக் கரைத்தவன், வாத்தியார் நாற்காலியில் பலாப்பிசின் தடவியவன், உன் முன்னால் அசடு வழிந்து நின்றேன். நீ கட்டிலில் விழுந்து சிரித்தாய். சிரித்து முடித்தபிறகு வயரை உண்மையிலேயே கார்டில் செருகினாய். அதிலும் அதே ஞொய்.

"கார்டும் இல்ல, போர்டும் இல்ல. வேற எங்கயோ கிடக்கு" என்று கேபினெட்டைத் தொட்டாய். கையை உதறினாய். வயரிங் வேலைக்காரரின் மகன் அல்லவா, நேராக வீட்டின் பின்பக்கம் போனாய். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் எர்த்துக் குழி, வீட்டுக் கரண்டின் எர்த்துக் கம்பி மண்ணில் இறங்குகிற இடம். மண் வெடித்து, எறும்பு ஊர்ந்துகொண்டிருந்தது.

"முந்தி துவைக்குத தண்ணி முழுசும் இதுலதான வந்து விழும்? ஈரம் இருந்தாத்தான் எர்த்து பிடிக்கும். இப்போ ஏன் கல்லுல துவைக்கல்ல?"

"மெஷின் வந்தாச்சுல்லா. எல்லாம் பவுசு."

பவுசு என்ற பதில் உனக்குப் போதவில்லை. என் கையில் பக்கெட்டைக் கொடுத்துவிட்டு அடுக்களைக்குள் போனாய். நான் மூன்றாவது பக்கெட்டை ஊற்றும்போது ஜன்னல் வழியாகப் பேச்சு கேட்டது.

"குனிஞ்சா நிமிர முடியல்ல மக்ளே. அண்டி ஆபீசுல நாள் முழுக்க ஒரே இருப்புல்லா." முந்திரிப்பருப்பு உரிக்கிற கம்பெனியைத்தான் அம்மா சொன்னாள். "டாக்டரு இடுப்புல கட்டுக சூடு பெல்ட்டு வாங்கச் சொன்னாரு."

"உங்க தம்பிட்ட சொல்லலாம்லா மாமி?"

"அவன் ஒரு சாமானம்தான கொண்டு வருவான். இந்தப் பயல் ஆசையாட்டுக் கேக்கான்."

"இவனுக்குத் தெரியுமா?"

"ரெண்டு மூணு தடவ சொன்னேன். காதுல எப்பளும் அந்தச் சாதனம் இருக்கும்லா."

நீ வெளியே வந்தாய். நான் காலிப் பக்கெட்டோடு நின்றேன். "மதர்போர்டு சத்தம் கேக்கணும்னு இந்தப் பாடு படுதியே. மதர் சத்தமும் செத்த கேளுலே" என்றாய். வேறு நாளாக இருந்தால் அதைவிட மோசமாக ஒன்றை நான் எடுத்து விட்டிருப்பேன். அன்று இன்னொரு பக்கெட் தண்ணீர் பிடிக்கப் போனேன்.

வெள்ளிக்கிழமை வந்தபோது ஞொய் கொஞ்சம் குறைந்திருந்தது, நின்றிருக்கவில்லை. ஆசையும் அப்படியேதான். போன் அடித்ததும் நீ என் முகத்தைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய். நீ ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வீம்புக்காகவே கார்டு கேட்டிருப்பேன். அதுவும் உனக்குத் தெரிந்திருக்கிறது.

"மாமா, கார்டு வேண்டாம். இடுப்புல கட்டுக சூடு பெல்ட்டு."

"ஏம்லே, பதினாறு வயசுலயே இடுப்பு போச்சா?"

அடுக்களையில் பாத்திரம் கழுவும் சத்தம் சட்டென்று நின்றது.

ஜூன் மழையில் குழி நிறைந்து ஞொய்யும் ஓய்ந்தது. பெல்ட் வந்த அன்று நீயும் வந்திருந்தாய். அம்மா அதைக் கட்டிக்கொண்டு, "நல்ல இளஞ்சூடு" என்றாள். "கார்டைவிட அடி நல்லா இருக்கா மாமி?" என்று கேட்டு நீ என்னைப் பார்த்துக் கண்ணடித்தாய். நன்றி என்ற சொல் நம் பேச்சில் வந்ததே இல்லை. வந்திருந்தால் மாதக்கணக்கில் அதை வைத்தே என்னை ஓட்டியிருப்பாய். இப்போது எழுதுகிறேன். நன்றிலே. ஓட்டு பார்ப்போம்.

இன்று நான்கு பக்கெட் ஊற்றினேன். மண் ஸ்ஸ் என்று இழுத்துக்கொண்டது. போர்டு ஆடியோவே இன்னும் ஓடுகிறது. ஆனால் ஹெட்போனை இப்போது வலது காதில் மட்டும்தான் வைக்கிறேன். இடது காது வெளியே. இடப்பக்கம் வருகிற எதிரி எனக்குக் கேட்பதே இல்லை. அதனால் இன்றும் எல்லா ஆட்டத்திலும் முதலில் சாவது நான்தான்.

"பின்னால யாருலே, தண்ணி சத்தம் கேக்கு?" என்றாள் அம்மா உள்ளேயிருந்து.

"நாந்தாம்மா" என்றேன், முதல் குரலிலேயே.