ஒரே கப்பலில் வந்தவர்கள்

மார்ச் 4, செவ்வாய்

இன்று மூன்று பல்செட். ஒன்றில் முன்பல் கொஞ்சம் தூக்கலாக அமைந்துவிட்டது. டாக்டர் கண்ணில் படுவதற்குள் ராவிச் சரிசெய்தேன். நாற்பத்தேழு வயதில் கண்ணாடி போடாமல் இந்த வேலை செய்கிறவள் நான் ஒருத்திதான் என்று எனக்கு நானே பீற்றிக்கொள்கிறேன். வேறு யார் சொல்லப்போகிறார்கள்?

லிஃப்ட்காரர் சொல்வார். எங்கள் கட்டடத்து லிஃப்டைப் பார்க்க மாதம் ஒருமுறை வந்துகொண்டிருந்த மனிதர், இப்போது வாரம் ஒருமுறை வருகிறார். லிஃப்ட் நன்றாகத்தான் ஓடுகிறது.

மார்ச் 9, ஞாயிறு

லிஃப்ட்காரரைப் பற்றி அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கல்யாணம் செய்துகொள்ளப் போகிறோம் என்று. எண்பத்தொரு வயது மனிதருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "யாரு? எந்தக் குடும்பம்? எப்பக் கூட்டிட்டு வர்ற?"

அத்தோடு நான் வாயை மூடியிருக்கலாம். லிஃப்ட்காரர் பெருமையாகச் சொன்னதையும் சேர்த்து உளறித் தொலைத்தேன். அவருடைய கொள்ளுத்தாத்தாவும் நம் கொள்ளுத்தாத்தா இந்தியாவிலிருந்து இங்கே வந்த அதே கப்பலில் வந்தவராம் என்று.

அப்பா முகம் சுண்டிவிட்டது.

அந்தக் கப்பலில் காய்ச்சல் பரவி, ஒருவர் வாயில் ஒருவர் தண்ணீர் ஊற்றித்தான் பிழைத்தார்களாம். கரை இறங்கும்போது கொள்ளுத்தாத்தா சத்தியம் செய்தாராம்: கூட வந்தவர்கள் எல்லோரும் இனி என் கூடப்பிறந்தவர்கள். வேறு எந்த வீட்டிலும் இந்தச் சட்டம் கிடையாது. எங்கள் வீட்டில் மட்டும் நான்கு தலைமுறையாக அமலில் இருக்கிறது.

"அவங்க ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. அப்ப அவன் உனக்கு அண்ணன் முறை. அண்ணனைக் கட்டிக்குவியாடி?"

சொல்லிவிட்டுப் பல்செட்டைக் கழற்றி டம்ளரில் போட்டார். எங்கள் வீட்டில் அதற்குப் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். நான் செய்து கொடுத்த பல்செட். எனக்கு எதிராகவே!

மார்ச் 10, திங்கள்

ஓடிப்போகலாமா என்று விளையாட்டாகக் கேட்டார் லிஃப்ட்காரர். இந்த வயதில் எங்கே ஓடுவது? எனக்கு முழங்கால் வலி.

மார்ச் 11, செவ்வாய்

விளையாட்டு இருக்கட்டும். அப்பா வராத கல்யாணம் எனக்கு வேண்டாம். அம்மா போனபிறகு இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் இத்தனை வருஷத்தை ஓட்டியிருக்கிறோம். அவரை வீட்டில் உட்காரவைத்துவிட்டு நான் போய் மாலை மாற்றிக்கொள்வதா? என்னால் முடியாது. முடியவே முடியாது.

அப்பாவும் பாவம். வீம்புக்குச் செய்யவில்லை. "செத்தவங்க பேச்சை நான் எப்படிம்மா மாத்துறது?" என்கிறார்.

சரி, நிஜமாகவே ஒரே கப்பல்தானா? யார் பார்த்தது?

மார்ச் 15, சனி

ஆவணக் காப்பகத்துக்குப் போனேன். குளிர்சாதனம் பல்லைக் கிட்டவைக்கிறது. பொறுப்பாக இருந்த அம்மாள் வெள்ளைக் கையுறையோடு பதிவேட்டைப் புரட்டுகிறார்; நாம் தொடக்கூடாது. "பென்சில் மட்டும்தான்" என்று என் பேனாவைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்.

கப்பலிலிருந்து இறங்கிய ஒவ்வொருவருக்கும் ஓர் எண். பெயர், தகப்பன் பெயர், வயது, உயரம், உடம்பில் அடையாளம். கொள்ளுத்தாத்தா கிடைத்தார்! வயது பத்தொன்பது. இடது புருவத்தில் தழும்பு. உயரம் என்னைவிடக் குறைச்சல். நாலு தலைமுறையை ஆட்டிவைத்த மனுஷன் என் காதுவரைக்கும்தான் இருந்திருக்கிறார்!

மார்ச் 22, சனி

அந்தக் கப்பலின் பட்டியலை முழுதும் படித்துவிட்டேன். லிஃப்ட்காரரின் கொள்ளுத்தாத்தா அதில் இல்லை. இல்லவே இல்லை. இரண்டாம் முறையும் பார்த்தேன். கையுறை அம்மாள் முகம் கோணாமல் திரும்ப முதலிலிருந்து புரட்டினார்.

மார்ச் 29, சனி

கிடைத்துவிட்டார். வேறு கப்பல்! நான்கு வருஷம் முன்னாலேயே வந்து இறங்கியிருக்கிறார். பெயர், தகப்பன் பெயர், எல்லாம் சரி. வாய்விட்டுக் கத்திவிட்டேன். கையுறை அம்மாள் உதட்டில் விரல் வைத்தார், ஆனால் சிரித்துக்கொண்டுதான்.

வீட்டுக்கு ஓடிவந்து சொன்னேன். "உன் கண்ணால பார்த்தியா?" என்றார் அப்பா. "பார்த்தேன்ப்பா." "அப்ப சரி." பல்செட்டை மாட்டிக்கொண்டு, "நாளைக்கு அந்தப் பையனை வரச்சொல்லு" என்றார். பையனுக்கு ஐம்பத்தொன்று.

மார்ச் 30, ஞாயிறு

வந்தார். புதுச் சட்டை, விலைச்சீட்டு காலரில் தொங்கியது. அப்பா அவரிடம் லிஃப்ட் கயிறு அறுந்தால் என்ன ஆகும் என்று ஒரு மணிநேரம் கேட்டார். பொறுமையாகப் பதில் சொன்னார் மனுஷன். அவர் போனபிறகு அப்பா, "ஆளு பரவாயில்ல. சோத்தை நிதானமா சாப்பிடுறான்" என்றார். நான் சமையலறைக்குள் போய்த் தனியாகச் சிரித்தேன்.

ஏப்ரல் 13, ஞாயிறு

ஐயோ.

லிஃப்ட்காரரின் அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். நான் கப்பல் பைத்தியம் என்று கேள்விப்பட்டு ஆசையாக ஒரு காகிதம் எடுத்துக் காட்டினார். அவர்களுடைய கொள்ளுத்தாத்தாவுக்கும் கொள்ளுப்பாட்டிக்கும் இங்கே வந்தபிறகு நடந்த கல்யாணத்தின் பதிவு. இருவரின் கப்பல் எண்ணும் அதில் இருக்கிறது. கொள்ளுப்பாட்டியின் எண்ணைப் பார்த்ததும் காபியைக் கீழே வைத்துவிட்டேன். எங்கள் கொள்ளுத்தாத்தாவின் எண்ணுக்கு மிகப் பக்கத்து எண்.

நாங்கள் தேடியதெல்லாம் ஆம்பளையை! "கப்பலில் வந்தவர்" என்றதும் ஆம்பளையென்றே வைத்துக்கொண்டுவிட்டோம். எங்கள் கப்பலில் வந்தது அந்த அம்மாள்.

ஏப்ரல் 19, சனி

காப்பகத்தில் பார்த்தேன். அதே கப்பல். அதே பக்கம். எங்கள் ஆளுக்குக் கொஞ்சம் கீழே. வயது பதினேழு. கூட யாரும் இல்லை, தனியாக வந்திருக்கிறாள். போன மாதம் அந்தப் பக்கத்தின் மேல் என் கண் இரண்டுமுறை ஓடியிருக்கிறது.

வாசலில் காத்திருந்த லிஃப்ட்காரரிடம் சொன்னேன். "அப்பாகிட்ட சொல்லாம விட்டுட்டா?" என்றார். உடனே, "வேணாம். நீங்க சொல்றபடி" என்றார்.

சொல்லாவிட்டால் யாருக்குத் தெரியும்? ஒரு ஈ காக்காய்க்கும் தெரியாது. நானும்தான் யோசித்தேன், பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். ஆனா அப்பா எங்கிட்ட என்ன கேட்டாரு? உன் கண்ணால பார்த்தியான்னு கேட்டாரு. பார்த்தேன்னு சொன்னதும் வேற ஒரு வார்த்தை கேட்கலையே. அந்த மனுஷனை நான் எப்படி ஏமாத்துவேன்? பொய் சொல்லிட்டு மாலையும் கழுத்துமா அவர் முன்னாடி எப்படி நிப்பேன்?

ஏப்ரல் 20, ஞாயிறு

சொல்லிவிட்டேன். அப்பா பல்செட்டைக் கழற்றவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது. ஜன்னல் பக்கம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

நான் அழுதேன். இதை எழுதாமல் விடலாம். அழுதேன்.

ஏப்ரல் 22, செவ்வாய்

காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அப்பா குளியலறைக் கதவைத் தட்டினார்.

"அந்தப் பொண்ணுக்குப் பதினேழு. எங்க தாத்தாவுக்குப் பத்தொன்பது. அப்ப அவ தாத்தாவுக்குத் தங்கச்சி, இல்ல?"

வாய் நிறைய நுரை. தலையை ஆட்டினேன்.

"தங்கச்சி பையன் எங்கப்பாவுக்கு என்ன வேணும்?"

"மச்சான்," என்றேன், துப்பிவிட்டு.

"அந்த மச்சான் பையன் எனக்கு மச்சான். எனக்கு மச்சானோட பையன்?"

நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அப்பா கதவை ஓங்கித் தட்டினார். "மக்கு! மருமகன்டி! அண்ணன் முறை இல்ல, முறை மாப்பிள்ளை! நான் பாட்டுக்கு அண்ணன் தம்பின்னு குதிச்சேன் சரி. படிச்ச பொண்ணு நீ, ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க மாட்டே?"

கதவைத் திறந்து, பற்பசை வாயோடு அவரைக் கட்டிக்கொண்டேன். "சீ, சட்டை!" என்றார். ஆனால் விலகவில்லை.

பிறகு காபி குடிக்கும்போது மெதுவாகச் சொன்னார். கொள்ளுத்தாத்தா இறந்த அன்று ஒரு அம்மாள் வந்து, "அண்ணே, அண்ணே" என்று தரையில் புரண்டு அழுதாராம். அப்பாவுக்கு அப்போது ஏழு வயது. யாரென்று கேட்கத் தோன்றவில்லையாம். அவர்தானா? தெரியாது. வேறு தங்கச்சிகளும் அந்தக் கப்பலில் இருந்திருப்பார்கள்.

மே 11, ஞாயிறு

அப்பாவைத் தாங்க முடியவில்லை. ஊரெல்லாம் தொலைபேசி போட்டு, "விட்டுப்போன சொந்தம், நான்தான் தேடிப்பிடிச்சுச் சேர்த்துவச்சேன்" என்கிறார். காப்பகத்தில் குளிரில் நடுங்கியது யாராம்?

மே 17, சனி

மோதிர அளவு கொடுத்தோம். பல் அச்சு எடுப்பதுபோல் நானே மெழுகில் விரல் அச்சு எடுத்துக் கொண்டுபோனேன். நகைக்கடைக்காரர் பயந்துவிட்டார்.

ஜூன் 20, வெள்ளி

பதிவு அலுவலகம். பத்து நிமிஷ வேலை என்று சொல்லியிருந்தார்கள். பதிவாளர் படிவத்தைப் பார்த்து ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டே வந்தார். "ரெண்டு பேரும் ஏற்கெனவே சொந்தமா?"

"இல்லை" என்றோம் இருவரும்.

பின்னால் நாற்காலி நகர்ந்தது. "ஏன் இல்ல? சொந்தம்தான்! என் மச்சான் பையன்!"

பதிவாளர் பேனாவை வைத்துவிட்டார். நெருங்கிய ரத்த சொந்தமென்றால் தனியாக அனுமதி வாங்கவேண்டுமாம். லிஃப்ட்காரர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். அவர் அக்கா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அப்பா கப்பல், காய்ச்சல், சத்தியம் என்று முதலிலிருந்து ஆரம்பித்தார். வெளியே அடுத்த ஜோடி எட்டி எட்டிப் பார்த்தது.

பதிவாளர் முழுதையும் கேட்டுவிட்டு, "ஐயா, ரத்த சொந்தமா, இல்லையா? அதை மட்டும் சொல்லுங்க" என்றார்.

அப்பா கொஞ்சம் யோசித்தார். "ரத்தம் இல்ல. கப்பல்."

பதிவாளர் "இல்லை" என்று எழுதினார். அப்பாவுக்கு அது கொஞ்சமும் பிடிக்கவில்லை. சாட்சிக் கையெழுத்துக்கு அவர் முறை வந்தபோது பேனாவை வாங்கி, பெயரை எழுதி, அதற்குக் கீழே நிதானமாக, ஒவ்வோர் எழுத்தாக எழுதினார்: பெண்ணுக்குத் தகப்பன், மாப்பிள்ளைக்கு மாமன் முறை.

பதிவாளர் பார்த்தார். அதைக் கோடுபோட்டு அடிக்கவில்லை. அதன்மேலேயே முத்திரை குத்தினார்.