தேடுதலுக்கு லத்தீனில் ஒரு சொல்

மார்கழி, திங்கள்

வாடைக்காற்று. காலை முதல் தூறல்.

உறுதியானது: சவரிமுத்து என்று யாரும் தங்களிடம் இல்லை என்கிறது இராணுவ முகாம். சொன்னவர் வாசலில் நின்ற அதிகாரி. பத்திரிகைக்காக நானே நேரில் கேட்டது. சவரிமுத்து மீனவர், போன கிழமை முருங்கன் சந்தியில் ஆமிக்காரர் பஸ்ஸிலிருந்து இறக்கிக் கொண்டுபோனார்கள். கண்டவர்கள் உண்டு, பெயர் தர யாருமில்லை.

மனைவி ஞானம்மா என்னோடு வந்திருந்தார். அதிகாரி அவரிடம், "அந்த ஆள் இங்க இல்ல. வேற பொம்பிளையோட போயிருக்கும்." சிப்பாய்கள் சிரிப்பு.

"அந்தாளுக்குக் கடலுக்குப் போகவே நேரம் காணாது. பொம்பிளைக்கு எங்க போறது?" என்றார் ஞானம்மா.

ஒரு சிப்பாயின் துவக்குப் பிடியால் தோளில் ஒரு இடி. சேற்றில் விழுந்தார். எழுந்து அதே இடத்தில் நின்றார்.

தங்கல் வங்காலைக்கு அப்பால், ஞானம்மாவின் கிராமத்தில், பங்குச் சுவாமியார் வீட்டில். கரண்ட் இல்லை. அலுமாரியில் வாசிக்கக் கிடைத்தது ஒரு லத்தீன் அகராதி. குருமடத்தில் இரண்டு வருடம் படித்தது இன்னும் கொஞ்சம் மிச்சம். தேடுதலுக்குரிய வினை: குவேரோ. முதற்பொருள், தேடு. அடுத்தது, தேடியும் கிடைக்காமல் இல்லாமையை உணர். மூன்றாவது, உழைத்துச் சேர். கணவனும் மனைவியும் உழைத்துச் சேர்த்த சொத்தை நம் ஊர்ச் சட்டத்தில் தேட்டம் என்கிறோமே, அதே. ஞானம்மாவின் தேட்டம்: ஒரு வள்ளம், கொஞ்சம் வலை.

செவ்வாய்

மழை விட்டது. சப்பாத்து இன்னும் காயவில்லை.

அந்தோனியார் நாள். காணாமற்போனதைத் தேடித் தருபவர் என்பதால் கோயில் நிறையப் பெண்கள். அவருடைய பழைய லத்தீன் செபம் இந்த வினையைக் கொண்டுதான் தொடங்கும் என்றார் சுவாமியார். மறந்துவிட்டிருந்தேன்.

ஞானம்மாவுக்காக மெழுகுதிரி கொளுத்தியவர் பக்கத்து வீட்டு றெஜினா. விதவை. யூட் என்று ஒரே மகன்.

"காணாமல் போனது உன்ர மனிசன். கோயில் கோயிலா நடந்து தேயிறது என்ர கால். வரட்டும், சுறா வாங்காமல் விடமாட்டன்."

ஞானம்மா சிரித்தார். இந்தப் பயணத்தில் முதல் தடவை.

புதன்

விடிய ஆமியின் சுற்றிவளைப்பு. ஆண்கள் எல்லாரும் கடற்கரையில், முழங்காலில். பெண்கள் மீன்வாடிக் கொட்டில்களின் பக்கம். என்னுடைய பத்திரிகை அட்டையை ஒருவன் வாங்கிப் பார்த்துக் கடலில் எறிந்தான்.

ஜீப்பில் தலையாட்டி, ஆள் காட்டிக்கொடுக்க. தலையில் சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஆண்கள் ஒவ்வொருவராக முன்னால் போக வேண்டும். சாக்கு ஆடினால் ஆள் ட்ரக்கில்.

யூட் வந்தபோது ஆடவில்லை. சிப்பாய் துவக்குப் பிடியால் சாக்கின் மேல் அடித்தான். ஆடவில்லை. திரும்ப அடித்தான். சாக்கு நனைந்து சிவந்தது. பிறகு ஆடியது. யூட்டைத் தலைமயிரில் பிடித்து இழுத்தார்கள். மணலில் ஒரு பல். றெஜினாவின் சத்தம் இன்னும் காதில்.

மத்தியானம் ஞானம்மா கிணற்றடியில்:

"கண்டிட்டன் ஐயா."

"எங்கே?"

"ஜீப்பிலை. வலது கால். திருக்கை முள் ஏறி விரல் மடங்கின கால். எனக்குத் தெரியாதே?" பிறகு, "எழுதாதேங்கோ. பொடியள் விடமாட்டாங்கள்."

தெரியும். காட்டிக்கொடுத்தவர்களை இயக்கப் பொடியன்கள் கம்பத்தில் கட்டிச் சுட்டதைப் பார்த்திருக்கிறேன். எழுதினால் பொடியன்கள். எழுதாவிட்டால் முகாம்; இல்லை என்று சொல்லிவிட்ட ஆளைக் கொல்வது அவர்களுக்குச் சுலபம்.

குவேரோ, மீதிப் பொருள்கள்: கேள். விசாரி. அடிமையை வதைத்து விசாரிப்பதற்கும் இதே வினை. ரோமரின் நீதிமன்றத்தில் அடிமையின் சாட்சி வதைத்து எடுத்தால்தான் செல்லும். அகராதியை மூடி வைத்தேன்.

வியாழன்

வெயில். தேத்தண்ணிக்குச் சீனி இல்லை.

றெஜினாவுக்கும் தெரியும். திருக்கை குத்தியபோது அந்தக் காலுக்கு மருந்து கட்டியவரே அவர்தான். விறகுக்கட்டையோடு ஞானம்மாவின் வீட்டுக்குள் போனார்.

"உன்ர மனிசனுக்கு நான் மெழுகுதிரி கொளுத்த, அவன் என்ர பிள்ளையைக் குடுக்கிறானோடி!"

ஞானம்மா கை தூக்கவில்லை. தடுக்கவும் இல்லை. உதடு கிழிந்து சட்டை முழுக்க இரத்தம். நானும் சுவாமியாரும் பிரித்தோம். எனக்கும் முழங்கையில் ஒரு அடி. வீங்கியிருக்கிறது.

வெள்ளி

மன்னார். சட்டத்தரணியின் கந்தோர். ஆட்கொணர்வு மனுவுக்கு, சவரிமுத்துவைப் படையின் பிடியில் உயிரோடு கண்ட சாட்சி வேண்டும். மனைவியின் சொல் தனியே போதாது என்கிறார். ஜீப்பில் கண்டதை ஞானம்மா அவரிடம் சொல்லவில்லை.

அடுத்த பஸ்ஸில் றெஜினா வந்தார். யாரையும் பார்க்காமல் கதிரையில் இருந்தார்.

"என்ர மகனுக்கு ஒண்டு எழுதுங்கோ. சவரிமுத்துவுக்கும் எழுதுங்கோ. நான் கண்டனான்."

"எங்கே, அம்மா?"

"கடற்கரையிலை. ஆமிக்காரரோட. அடிபட்டு இருந்தவர்."

சட்டத்தரணி பேனாவை நிறுத்தினார். சாக்கைப் பற்றி அவரும் கேள்விப்பட்டிருப்பார்.

"முகத்தைக் கண்டனீங்களோ?"

"ஓம்."

"முகம் மூடியிருக்கேல்லையோ?"

"இல்லை. முகத்தைத்தான் கண்டனான்."

சத்தியம் செய்து கையொப்பம். ஞானம்மா அவருடைய கையைப் பிடிக்கப் போனார். "தொடாத," என்றார் றெஜினா. எழுந்து தனியே பஸ்ஸுக்கு நடந்தார்.

கொழும்புக்குத் தொலைபேசியில் செய்தி கொடுத்தேன். சவரிமுத்து முகம் தெரியப் படையினரோடு காணப்பட்டார், சத்தியக்கூற்று உண்டு. முகம் தெரிந்த ஆளைத் தலையாட்டி என்று பொடியன்கள் சுடமாட்டார்கள். ஆசிரியபீடம் கேட்டது: சரிபார்த்தாயா, நீயும் அங்கே நின்றாய்தானே? ஓம் என்றேன்.

சனி

திரும்பவும் தூறல்.

இரண்டு மனுக்களும் திங்கள் காலை கொழும்பு நீதிமன்றத்துக்கு. முகாமின் பதில் அடுத்த வெள்ளிக்குள் வர வேண்டும். யூட் பற்றி இதுவரை ஒன்றும் இல்லை.