நாற்பத்தெட்டு நிமிடப் பயணத்துக்கு ஆன மூன்று நாட்கள்

அனுப்புநர்
ஆலூகி கப்பியானாக்,
பள்ளி நூலகம்,
இகாலுவிக், நுனாவுட்.

பெறுநர்
மருத்துவப் பயண அலுவலர்,
வட்டார அலுவலகம்.

பொருள்: இகாலுவிக் – துக்துலிக் விமானப் பயண நேரத்தைத் திருத்தவும், என் தாயாருக்குத் திரும்பும் பயணச்சீட்டு வழங்கவும் கோருவது.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இவ்விரு விமான நிலையங்களுக்கும் இடையே 286 கிலோமீட்டர், 48 நிமிடம் என்கிறது தங்கள் அட்டவணை. தூரத்தில் குற்றமில்லை, வரைபடத்தில் நானே அளந்தேன். ஆனால் அந்த நேர்வழியில் வாத்துகள்தாம் பறக்கின்றன. விமானம் கிடையாது.

2. என் தங்கை மியாலிக்கு வயது பத்தொன்பது, தலைப்பிரசவம். துக்துலிக் பிரசவ நிலையத்துக்குப் போக வேண்டியிருந்தது. நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கே துணையாள் அனுமதி என்பது விதி. அம்மாவை உடன் அனுப்பக் கேட்டபோது தொலைபேசியில் கிடைத்த பதில்: "நாப்பத்தெட்டு நிமிஷத்துக்குத் துணை எதுக்கும்மா? ஒரு டீ குடிக்கிற நேரம்." அதே வாரம் அதே அலுவலகம் அனுப்பிய பயணச்சீட்டில், தெற்கே இரண்டு நகரங்களில் இறங்கி ஏறும்படி மூன்று விமானங்கள் இருந்தன. அட்டவணை, பயணச்சீட்டு இரண்டையும் இணைத்துள்ளேன்.

3. ஏப்ரல் 21 காலை மியாலி தனியே கிளம்பினாள். மறுநாள், தெற்கே புயலால் விமானம் நின்றுபோய், ஒரு விடுதியிலிருந்து பேசினாள்: "அம்மா, இங்க யாருக்கும் நம்ம பாஷை தெரியல. வயித்துல இருக்கறதுதான் பேச்சுத்துணை." அம்மா தொலைபேசியை வைத்தார். கலைமான் தோல் அங்கியை எடுத்து உதறினார். இங்கே வானம் தெளிவாக இருந்தது. அவருடைய தம்பி ஜெய்பிட்டி மாமா பனிமோட்டாரின் பின்னால் மரச்சறுக்கு வண்டியைக் கட்டினார். "பிளேன் மேல போகட்டும்க்கா. நாம கீழ போவோம்."

4. 23 விடியலில் புறப்பட்டு, உறைகடல் மீது பதினாறு மணி நேரம். 24 நண்பகலில் மியாலி விமானத்திலிருந்து இறங்கியபோது, வேகவைத்த கலைமான் இறைச்சியுடன் அம்மா துக்துலிக் விமான நிலைய வாசலில் நின்றிருந்தார்.
"எப்பம்மா வந்த?"
"நேத்தே."
குளிரில் கன்னம் கருத்துப்போயிருந்த மாமா சொன்னாராம்: "நாப்பத்தெட்டு நிமிஷம்தான் ஆச்சு. நடுவுல ரெண்டு தடவ டீ வேற குடிச்சோம்."
எங்கள் ஊர் வானொலி இதை மூன்று முறை ஒலிபரப்பியது.

5. 26 அன்று, அம்மாவின் கையை விடாமல் பிடித்தபடி, மியாலி ஆண் குழந்தை பெற்றாள். சென்ற ஆண்டு காலமான தன் தந்தை இகுடாக்கின் பெயரை அம்மா அவனுக்கு இட்டார். எங்கள் வழக்கப்படி இனி அவன் அம்மாவுக்கு அப்பா, அப்படித்தான் அழைக்கிறார். தன் தந்தை பிறந்ததை உடனிருந்து பார்த்த மகள் அவர்.

6. ஜூலையில் எங்கள் ஊரிலிருந்து இன்னும் இரு பெண்கள் பிரசவத்துக்குப் போகிறார்கள். அப்போது கடல் உருகியிருக்கும். மாமாவால் முந்த முடியாது. அதற்குள் அட்டவணையில் உண்மையான பயண நேரத்தைக் குறித்து, அவர்களுக்குத் துணையாள் அனுமதி வழங்க வேண்டுகிறேன்.

7. மே 10 அன்று மியாலியும் குழந்தையும் அதே மூன்று விமானங்களில் திரும்புகிறார்கள். அம்மாவுக்கும் ஓர் இருக்கை தந்தருள வேண்டுகிறேன். அன்று இகுடாக்குக்கு வயது பதினான்கு நாட்கள். மகளின் துணையில்லாமல் பயணம் செய்யும் வயதல்ல.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
ஆலூகி கப்பியானாக்

இடம்: இகாலுவிக்
நாள்: ஏப்ரல் 29