மடையூரைக் கொண்டவர் யார்

மழை பிழையாது பெய்க. வெண்கரை நாட்டுக் கோமகள் மாதேவடிகளின் வாய்மொழிப்படி, அவர்தம் ஓலைநாயகம் மாறன் நல்லுடையான் எழுதும் ஓலை. பதினெட்டுக் கோட்டைகளை உடையவரும், ஆயிரம் குதிரைகளுக்கு அதிபரும், குன்றநாட்டு வேந்தருமாகிய வயவீரர் காண்க. தங்கள் மக்களும் மனைகளும் நலமாகுக.

‘மடையூரைக் கொண்டோம், திறை தருக’ என்று தாங்கள் எழுதிய ஓலை வந்தது. கோமகள் படித்துச் சிரித்தார், பிறகு சினந்தார். கொள்ளுதல் எங்கள் நாட்டில் பழைய சொல். ஏரி நீர் கொள்ளும், மரக்கால் நெல் கொள்ளும் என்று முதலில் வழங்கியது என்பர். ஓரிடத்தில் வாழ்பவனைக் குடிகொண்டான் என்போம். உழுபவனை உழவைத் தொழிலாகக் கொண்டான் என்போம். பிறர் பொருளைப் பறிப்பதற்கும் அச்சொல்லிலிருந்தே கொள்ளை என்று ஒரு பெயர் உண்டு. தாங்கள் செய்தது எது என்பதைத் தாங்களே அறிவீர்கள்.

தங்கள் படை நுழைந்த நாளில் மடையூரில் ஆள் இல்லை. அஞ்சி ஓடினர் என்று தங்கள் படைத்தலைவர் முரசறைவித்தாராம். ஆண்டுதோறும் ஆனியில் மடையூரார் அடுப்பை அவித்து, கதவைச் சாத்தி, குஞ்சு குளுவான்களோடு ஏரிக்குப் போய்த் தூர் எடுப்பர். கோமகளும் காவற்படையோடு கரையில் இருப்பார். வேலை முடியும்வரை மடை அடைத்தே இருக்கும். ஊர்க் குளத்துக்கும் நீர் வராது. வெறும் வீடுகளைப் பிடித்து வெற்றிவிழா எடுத்த படையை நாங்கள் இப்போதுதான் பார்க்கிறோம்.

ஊரில் எஞ்சியவன் கால் முறிந்து கட்டிலில் கிடந்த மடைக்காரன் போத்தன் ஒருவனே. மூன்றாம் நாள் குளம் வற்றியது. மடையைத் திறக்கும்படி ஊராருக்குச் சொல்லியனுப்பு, அன்றேல் ஐந்தாம் நாள் கழுவேற்றுவோம் என்று படைத்தலைவர் அவனை மிரட்டினார். போத்தனுக்கு அச்சம் இல்லாமல் இல்லை. கழுமரம் சீவும் ஓசை அவன் காதில் விழுந்துகொண்டே இருந்தது. ஆனால் இப்போது திறந்தால் விதைப்புக்குச் சொட்டு நீர் மிஞ்சாது என்பதும் அவனுக்குத் தெரியும்.

“என் உசுரு ஒண்ணுதான். அந்தத் தண்ணி ஊருக்கே உசுரு. தெறக்கச் சொல்ல மாட்டேன்,” என்றான். “தாகமா இருந்தா ஏரிக்குப் போங்க. கரைக்கு ஒரு கூடை மண்ணு சொமந்தவன் எவனா இருந்தாலும் எங்க ஊரான். அவனுக்குத் தண்ணி இல்லேன்னு சொன்னதே இல்ல.”

படைத்தலைவர் அவனை ஏளனம் செய்தார். காவல் நின்ற வீரரோ நா வறளக் கேட்டுக்கொண்டிருந்தனர். நான்காம் நாள் நாற்பத்திரண்டு பேர் வேல்களைக் கீழே வைத்துவிட்டு ஏரிக்கு வந்து மண் சுமந்தனர். ஐந்தாம் நாள் விடியலில் மேலும் முந்நூறு பேர் வந்தனர். போத்தனைக் கட்டிலோடு தூக்கிவந்தவர்களும் அவர்களே. அவன் கரையில் சாய்ந்தபடி அவர்களை வேலை ஏவியதைக் கண்டு, இதை எழுதுவோன் கண் கலங்கினான்.

ஆகவே கோமகளின் ஆணை இது. மடையூரைத் தாரோம், திறையும் இல்லை. மடைக்காரனைக் கேட்டு இனி ஆள் வரவேண்டாம். மண் சுமந்த முந்நூற்று நாற்பத்திருவரும் எங்கள் குடிகள். அவர்கள்மேல் கை வைப்பது எங்கள்மேல் வைப்பதாகும். படைத்தலைவர் இன்னும் ஊருக்குள் வீற்றிருக்கிறார். அவருக்கும் தாகம் எடுக்கும்.

நாரை இலச்சினை இட்டு, ஆனி பன்னிரண்டாம் நாள் ஏரிக்கரையிலிருந்து விடுத்தோம். ஓலையோடு ஒரு கூடையும் வருகிறது. மடையூரைக் கொள்ள விரும்பின், வேந்தர் தாமே மண் சுமந்து வருக.