கிணற்றுக் கள்ளும் பெட்டிக் கள்ளும்

வைகாசி 12, செவ்வாய்

பகல் முழுவதும் வெயிலில் வேலி அடைத்தோம். வழக்கம்போல் நாலு போத்தல் கள்ளைக் கயிற்றில் கட்டி என் கிணற்றில் குளிர விட்டிருந்தேன். வேலை முடிந்ததும் ஒருவரும் வரவில்லை. எல்லாரும் பக்கத்து வீட்டுப் பொன்னையாவிடம் போய்விட்டார்கள். தெற்கே காலி நகரில் கடை வைத்திருந்தவர். மண்ணெண்ணெயில் ஓடும் குளிர்ப்பெட்டி ஒன்று கொண்டுவந்திருக்கிறார்.

நானும் பார்க்கப் போனேன். "இனி உங்கட கிணத்துக்குத் தவளைதான் வரும், அண்ணை," என்று சிரித்தார். பிறகு, நாளைக்கென்று புதுக் கள்ளைப் போத்தல்களில் ஊற்றி, தக்கையால் இறுக்கி மூடி உள்ளே வைத்தார். கள்ளு மூச்சு விட வேண்டும், பனையின் நார்வலைப் பன்னாடையால்தான் அடைப்பது. இல்லாவிட்டால் போத்தல் வெடிக்கும். நான் வாய் திறக்கவில்லை.

வீட்டில் மனைவியிடம் சொன்னேன்.

"கண்ணாடி ஆரின்ரையும் முகத்தில பறந்தா? விசரே உங்களுக்கு?" என்று பொன்னையா வீட்டுக்கு ஓடினாள்.

எழுதப் பழகி நாலு மாதம். பொறாமையைக்கூட ஒருவருக்கும் தெரியாமல் எழுதி வைக்கலாம் என்பது பெரிய சந்தோஷம். ஆனால் இவ்வளவும் எழுதுவதற்குள் அவள் ஒரு தகரப் பேணி நிறையக் கள்ளோடு திரும்பிவிட்டாள்.

"'அண்ணை எல்லோ காப்பாத்தினவர்' எண்டு பொன்னையா தந்துவிட்டவர்."

குடித்தேன். பல் கூசுகிறது. என் கிணறு ஒருநாளும் இப்படிக் குளிர்ந்ததில்லை.