பகல் தூக்கம்

அன்புள்ள மாப்பிள்ளை கதிர்வேலுக்கு, தொண்டாமுத்தூர் பொங்கியண்ணன் எழுதுவது.

நீங்கள் விமானத்தில் இருக்கிறீர்கள், போனில் பிடிக்க முடியாது. அதனால் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். உங்களை அழைக்க வரும் மதன்குமார் இதைக் கையில் கொடுப்பான். காரிலேயே படித்துவிடுங்கள்.

புவனாவுக்கு விடியற்காலையில் வலி எடுத்தது. காரமடையிலிருந்து உங்கள் அம்மாவே கூட்டி வந்தார்கள். தாயில்லாத என் பிள்ளைக்கு உள்ளே துணையும் அவர்கள்தான். அதற்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அடுத்து எழுதுவது அவர்கள்மீது குறை சொல்வதுபோலத் தெரியும்.

வலி தெரியாமலிருக்க முதுகில் ஊசி போட ஃபஹீமா என்று ஒரு மயக்க டாக்டர் வந்தார். சின்ன வயது, நல்ல பொறுமை. புவனா பேச முடியாமல் கிடந்ததால், இந்தப் பெண் எப்போது தூங்கி எப்போது எழுவாள் என்று எங்களிடம் கேட்டார். பிரசவ நேரத்தில் இது என்ன கேள்வி என்று நான் விழித்தேன். உடம்புக்கென்று ஒரு கடிகாரம் உண்டாம். ஒரே மருந்து பகலில் போட்டால் கூடுதல் நேரம் தாங்குவதாகவும் இரவில் சீக்கிரம் விட்டுவிடுவதாகவும் சில ஆய்வுகளில் பார்த்திருக்கிறார்களாம். எல்லாருக்கும் ஒன்றுபோல இருக்காது என்றும் சொன்னார்.

உங்கள் அம்மா உடனே, "எங்கூட்டுப் புள்ள நேரத்துலயே தூங்கிப்போடும்ங்க, கோழி கூப்புடவே எந்திரிச்சுக்கும்ங்க" என்றார்கள்.

உங்களுக்குத் தெரியாததா? சரவணம்பட்டி கம்பெனிக்கு வீட்டிலிருந்தே அமெரிக்க நேரத்தில் வேலை பார்க்கிறவள் அவள். போன வாரம்வரை விடிய விடிய விழித்திருந்து பகலில் படுத்தவள். அவள் உடம்புக்குப் பகல்தான் ராத்திரி. மருமகளுக்கு ராத்திரி வேலை என்றால் சொந்தத்தில் நாலு விதமாகப் பேசுவார்கள் என்று உங்கள் அம்மா அதை ஊருக்கே மறைத்து வைத்திருக்கிறார்கள். டாக்டரையும் ஊரோடு சேர்த்துவிட்டார்கள்.

மும்முனைக் கரண்ட் ராத்திரியில் மட்டும் வந்த நாளில் நானும் விடிய விடிய மோட்டார் போட்டுத் தண்ணீர் பாய்ச்சியவன்தான். பகலில் குறட்டை விட்டேன். உழைப்பாளி என்றார்கள். இவள் லேப்டாப்பில் உழைத்தால் மட்டும் மானம் போய்விடுகிறது.

ஆனால் நான் பக்கத்தில்தான் நின்றேன். சம்பந்தியம்மா சொன்னதை, பெண்ணைக் கொடுத்தவன் எதிரில் நின்று இல்லையென்று எப்படிச் சொல்வது? மரியாதை பார்த்தேன். வாய்வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

ஊசி போட்டதும் அவள் முகம் தெளிந்தது, என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். காலையில் போட்டது, கொஞ்ச நேரமாவது தாங்கும் என்று நம்பி டாக்டர் இன்னொரு அவசர ஆபரேஷனுக்குப் போனார். அவர் போன சூட்டோடு வலி திரும்பிவிட்டது. கதவுக்கு வெளியே அவள் குரல் கேட்டது. நான் நர்ஸ் ரூபினாவிடம் ஓடி, ராத்திரி வேலையைப் பற்றி எல்லாம் சொன்னேன். அவர் ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டு டாக்டரிடம் கேட்டுவந்தார். மருந்து சீக்கிரம் விட்டதற்கு அதுவும் காரணமாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ஆனால் தெரிந்திருந்தால் வேறொருவரை நிறுத்திவிட்டுப் போயிருப்பேன் என்றாராம் டாக்டர். இப்போது ஆபரேஷனைப் பாதியில் விட்டு வர முடியாது. வெளியிலிருந்து வேறு டாக்டரைக் கூப்பிட்டிருக்கிறார்கள். இன்னும் வரவில்லை.

ஒரு நிமிஷம் என்னை உள்ளே விட்டார்கள். கட்டில் கம்பியைப் பிடித்திருந்தாள். "ஏனுங்கப்பா, நீங்களாச்சும் சொல்லியிருக்கலாமுல்லங்க" என்றாள். உங்கள் அம்மா அவள் இடுப்பைத் தேய்த்துவிட்டபடி அழுதுகொண்டிருந்தார்கள். அவர்களும் வேண்டுமென்று செய்தவர்கள் இல்லை. நான் வெளியே வந்துவிட்டேன். செய்வதற்கு எனக்கு ஒன்றுமில்லை, இதை எழுதுவதைத் தவிர.

மதன்குமார் கிளம்ப வேண்டும் என்கிறான். குழந்தை இன்னும் பிறக்கவில்லை. நீங்கள் வந்து சேர்வதற்குள் அரங்கநாதர் இரண்டு உயிரையும் பிரித்துக் கொடுத்திருப்பார் என்று நம்புகிறேன். நீங்கள் மூன்று பேரும் நன்றாயிருக்க வேண்டும்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். பிள்ளை பெற்றவள் பகலில் கண் மூடக் கூடாது என்று நாளை முதல் ஆளாளுக்குச் சொல்வார்கள். நான் தடுத்தால் எடுபடாது. நீங்கள் கதவைச் சாத்தி அவளைத் தூங்க விடுங்கள். யார் வந்து கேட்டாலும், ராத்திரியெல்லாம் வேலை பார்த்த பிள்ளை, தூங்குகிறாள் என்று உங்கள் அம்மா காதில் விழும்படியே சொல்லுங்கள். நான் சொல்லவில்லை, மாப்பிள்ளை. நீங்களாவது சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்களை எதிர்பார்த்து வாசலில் நிற்கும் மாமன்,
பொங்கியண்ணன்