ஞானத்தைப் பாஸ்காவுக்குக் கூட்டிப்போனது

1936 ஏப்ரல் 6, திங்கள்
காலையில் தூறல். பள்ளிக்கூடம் விடுமுறை. மனைவி ஞானத்துடன் ஜட்காவில் ஆஸ்பத்திரி. ஒரு வருஷமாக அவளுக்கு நடை தள்ளாட்டம், பேச்சு இழுப்பு. அவள் அக்காவுக்கும் இதேதான் இருந்தது. மூக்கைத் தொடச் சொன்னார் டாக்டர், கன்னத்தைத் தொட்டாள். சிறுமூளை தேய்கிறதாம். அபூர்வ வியாதி. மருந்து கிடையாது, வரவரக் கூடும். வருகிற ஞாயிறு ஈஸ்டர். திரும்பும் வழியில் அவள் கேட்டது ஒன்றுதான்: "பாஸ்கா பூசைக்குப் போலாமா?"

அவள் மாதா கோயிலுக்குப் போய் ஆறு மாதம். அங்கே ஆண்களுக்கு வலப்பக்கம், பெண்களுக்கு இடப்பக்கம். கடைசியாகப் போனபோது பெண்கள் பக்கத்தில் விழுந்தாள். "காலங்காத்தால குடிச்சிட்டு வந்திருக்கா" என்று ஒருத்தி சொன்னது ஆண்கள் பக்கம் வரை கேட்டது. அதோடு நின்றவள்.

7, செவ்வாய்
நல்ல வெயில். இன்றைய கண்டுபிடிப்பு: கனமான பித்தளைச் செம்பில் பாதி காபி. சிந்தவில்லை. கஞ்சி கெட்டியாக இருந்தால் புரை ஏறுவதில்லை. அடுப்பருகே விடக்கூடாது, டாக்டர் உத்தரவு. ஆகவே ஞா. முக்காலியில் அதிகாரம், நான் கிளறல். "உப்புமாவா இது, கோந்தா?"

பக்கத்து வீட்டு ரோசம்மா வந்தாள். ஞா. பேச்சு எனக்குத்தான் புரியும். "என்னா சொல்றாங்க?" என்றாள் ரோ. "நல்லாயிருக்கியான்னு கேக்குறா" என்றேன். உண்மையில் கேட்டது, ரோ. வாங்கிப்போன அரிவாள்மணை எங்கே என்று. இந்த உத்தியோகம் எனக்குப் பிடித்திருக்கிறது.

9, பெரிய வியாழன்
பங்குச் சாமியாரைப் பார்த்தேன். பெண்கள் பக்கம் அவளோடு உட்கார உத்தரவு கேட்டேன்.
"ஆம்பள அங்க ஒக்காந்தா நாளைக்கு ஆளாளுக்குக் கேப்பாங்க, வாத்தியாரே. ரோசம்மாவப் புடிச்சிக்கச் சொல்லுங்க."
நியாயம்தான். கோபமும் வந்தது. ஞா.விடம் சொன்னேன். "ரோசம்மாவா? அவளுக்கே ஒரு தூண் வேணும்." முகம் வாடிவிட்டது.

12, ஞாயிறு
விடியற்காலை, குளிர். புதுப் புடவை. கொசுவம் நான் வைத்தது, வாத்தியார் கொசுவம். கோயில் வாசலில் ரோ. கையை நீட்டினாள். ஞா. என் கையை விடவில்லை. வலப்பக்கம் இழுத்தாள்.
"ஞானம், அது ஆம்பளைங்க பக்கம்."
"நீங்க அங்க வரக்கூடாதுன்னாரு. நான் இங்க வரக்கூடாதுன்னு யாரும் சொல்லலையே."
இழுத்து இழுத்துத்தான் சொன்னாள், ஆனால் உரக்க. பெரியவர் ஒருவர் நகர்ந்து இடம் விட்டார். சாமியார் பீடத்திலிருந்து ஒரு தரம் பார்த்தார். பிறகு எங்கள் இருவருக்கும் நன்மை அப்பம் கொடுத்தார்.

பூசை முழுதும் என் தோளில் சாய்ந்திருந்தாள். கோயிலில் நாங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தது, கல்யாணத்துக்குப் பிறகு இன்றுதான்.